பசுமைக் கட்டட விதிகளை யார் எழுதுகிறார்கள்?

2007 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஆளுநர் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்னெகர் மூன்று மசோதாக்களைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். மூன்றும் பசுமைக் கட்டடங்கள் பற்றியவை. மாநிலத்தின் பசுங்குடில் வாயுக்களை 2020-க்குள் 1990-ஆம் ஆண்டின் அளவுக்கு இறக்க வேண்டும் என்ற சட்டத்தில் ஓராண்டுக்கு முன்புதான் கையெழுத்திட்டு உலகப் பத்திரிகைகளின் பாராட்டைப் பெற்றிருந்தவர் அவர். கட்டட விதிகளைச் சட்டமன்றம் எழுதக்கூடாது என்பது அவர் சொன்ன முதன்மையான காரணம். அதற்கென்றே ஓர் ஆணையம் இருக்கிறது, அங்கே வல்லுநர்களும் பொதுமக்களும் பேச இடமுண்டு, குறித்த காலத்துக்கு ஒருமுறை திருத்தவும் வழியுண்டு என்றார். பசுமை விதிகளை எழுதும் பொறுப்பையும் அந்த ஆணையத்திடமே விட்டார். வெறும் சாக்கு என்று சந்தேகிக்க இடமிருந்தது. பின்னால் நடந்ததைப் பார்த்தால் முழுக்கச் சாக்கென்று சொல்ல முடியவில்லை.

கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று அரசு சொல்வது புதிதல்ல. தீ, நிலநடுக்கம், கழிவுநீர் தொடர்பான விதிகள் பெரும்பாலும் ஏதோ ஒரு பேரழிவுக்குப் பின் பிறந்தவை. அவற்றை எதிர்த்துப் பேச யாருக்கும் நா எழாது. பசுமை விதிக்கு அந்த வசதி கிடையாது. அதன் செலவு இன்று, வீடு கட்டுபவரின் தலையில் விழுகிறது. பலன் பத்து, இருபது ஆண்டுகளில், அதுவும் பாதி வேறு யாருக்கோ போய்ச் சேர்கிறது. அதனால்தான் இது முதலில் தனியார் சான்றிதழாக வந்தது. பிரிட்டனில் 1990-ல் பிரீயம், அமெரிக்காவில் 1990-களின் இறுதியில் லீட். இந்தியாவில் ஹைதராபாத்தின் சிஐஐ–சொராப்ஜி கோத்ரெஜ் மையம் 2003-ல் லீட் பிளாட்டினம் பெற்றது. அமெரிக்காவுக்கு வெளியே அந்தத் தரத்தை எட்டிய முதல் கட்டடம் அது. ஆனால் சான்றிதழ் என்பது விரும்பியவர் வாங்கி வரவேற்பறைச் சுவரில் மாட்டிக்கொள்வது. அரசின் விதி விரும்பாதவரையும் கட்டுப்படுத்தும். அப்படிக் கட்டுப்படுத்தும் முன் அவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும்.

கேட்பதில் பல வகை உண்டு. வரைவை வெளியிட்டு அறுபது நாள் காத்திருப்பதும் கேட்பதுதான். எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்பதைக் காட்டிலும், வந்த ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் எழுத்தில் பதில் சொல்ல அரசு கடமைப்பட்டிருக்கிறதா என்பதே ஒரு விதியின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் துணிபு. கலிபோர்னியாவை விரிவாகப் பார்க்க வேண்டியிருப்பதும் அதனால்தான்.

கலிபோர்னியாவின் கட்டடத் தர ஆணையம் 1953-ல் ஒரு சட்டத்தின் வழி அமைந்தது. பத்து உறுப்பினர்களை ஆளுநர் நியமிக்க, மாநில செனட் உறுதிசெய்கிறது. அரசுச் செயலர் ஒருவர் தலைவர். இந்த ஆணையம் விதிகளில் பெரும்பாலானவற்றைத் தானே எழுதுவதில்லை. வீடுகளுக்கு வீட்டுவசதித் துறை, பள்ளிகளுக்கு மாநிலக் கட்டடவியல் பிரிவு, மருத்துவமனைகளுக்குத் தனி அலுவலகம், மின்சாரச் சிக்கனத்துக்கு எரிசக்தி ஆணையம், தீக்கு மாநிலத் தீயணைப்புத் தலைவர் என்று ஒவ்வொரு துறையும் தன் பங்கை எழுதிக் கொண்டுவரும். ஆணையம் அதைச் சோதித்து ஏற்கும், திருத்தச் சொல்லும், அல்லது தள்ளும்.

இது மூன்றாண்டுச் சுழற்சி. முதலில் துறைகள் பட்டறைகள் நடத்தி, வரைவு எழுதும் முன்பே கட்டுநர்களையும் உற்பத்தியாளர்களையும் அமைப்புகளையும் அழைத்துப் பேசுகின்றன. பிறகு வரைவோடு ‘தொடக்கக் காரண அறிக்கை’ ஒன்றை இணைக்க வேண்டும். இந்த விதி எதற்கு, என்ன செலவு, வேறு வழிகளைப் பரிசீலித்தீர்களா என்பதற்கெல்லாம் அதில் பதில் இருக்க வேண்டும். அடுத்து ஆலோசனைக் குழு. மாற்றுத்திறனாளிகள் அணுகல், கட்டமைப்பு, மருத்துவமனை என்று துறைவாரியான குழுக்களில் பசுமைக் கட்டடத்துக்கும் ஒன்று உண்டு. குழு திறந்த கூட்டத்தில் ஒவ்வொரு ஷரத்தாக எடுத்து, ஏற்கலாம், திருத்தி ஏற்கலாம், மேலும் ஆராய வேண்டும், கூடாது என்ற நான்கில் ஒன்றைப் பரிந்துரைக்கும். அதன்பின் 45 நாள் பொதுக் கருத்துக்கேட்பு. கருத்துகளுக்கு ஏற்ப வாசகம் மாறினால், மாறிய பகுதிக்கு மட்டும் மறுபடி 15 நாள்.

கடைசிக் கட்டத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. மாநிலத்தின் நிர்வாக நடைமுறைச் சட்டப்படி ‘இறுதிக் காரண அறிக்கை’ எழுத வேண்டும். வந்த ஒவ்வோர் ஆட்சேபத்தின் சாரமும், அதற்காக வரைவு எப்படி மாற்றப்பட்டது, மாற்றவில்லையென்றால் ஏன் என்பதும் அதில் இடம்பெற்றாக வேண்டும். ஒரு ஜன்னல் தயாரிப்பாளரோ, ஒரு பிளம்பர் சங்கமோ, ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியரோ எழுதிய கடிதத்துக்கு அரசுத் துறை ஒன்று பதில் எழுத வேண்டியிருக்கிறது. அந்தப் பதில் நாளை நீதிமன்றத்தில் சான்றாகும். அதிகாரி வரைவை எழுதும்போதே அந்த நாளை நினைத்துக்கொண்டு எழுதுகிறார். சட்டம் ஒன்பது உரைகற்களையும் வைத்திருக்கிறது. பிற விதிகளோடு முரண்படக்கூடாது, எழுதும் துறைக்கு அந்த அதிகாரம் இருக்க வேண்டும், பொதுநலன் கோர வேண்டும், மனம்போன போக்கில் இருக்கக்கூடாது, பலனை நோக்கச் செலவு நியாயமாக இருக்க வேண்டும், வாசகம் தெளிவாக இருக்க வேண்டும் என்பன அவற்றுள் சில. இந்த ஒன்பதிலும் தேறாத முன்மொழிவு ஆணையத்தில் நிற்காது.

இந்த வழியில் 2008 ஜூலையில் விருப்ப விதிகளாக வந்தது கலிபோர்னியாவின் பசுமைக் கட்டட விதித்தொகுப்பான ‘கால்கிரீன்’. 2010 ஜனவரியில் அதைக் கட்டாயமாக்க ஆணையம் முடிவெடுத்தது. 2011 ஜனவரி 1 முதல் அமலானது. கட்டடத்துக்குள் நீர்ச் செலவு 20 விழுக்காடு குறைய வேண்டும். கட்டுமானக் கழிவில் பாதி குப்பைமேட்டுக்குப் போகக்கூடாது. பெயின்ட், பசை, தரைவிரிப்பு ஆகியவற்றிலிருந்து கசியும் நச்சு ஆவிக்கு வரம்பு. வீடல்லாத பெரிய கட்டடங்களில் ஏசியும் விளக்கும் வடிவமைத்தபடி இயங்குகின்றனவா என்று குடியேறும் முன் சோதனை. இன்று பார்த்தால் அடக்கமான கோரிக்கைகள். கழிவு வரம்பு 2017-ல் 65 விழுக்காடாக உயர்ந்ததைக் கவனிக்க வேண்டும். முதலில் எட்டக்கூடிய உயரத்தில் கொடியைக் கட்டி, மூன்றாண்டுக்கு ஒருமுறை ஏற்றுவதே இந்த முறையின் இயல்பு.

அப்போது கடுமையாக எதிர்த்தவர்களில் பசுமை ஆதரவாளர்களும் இருந்தது வேடிக்கை. கட்டாய விதிகளுக்கு மேல், விரும்பும் நகராட்சிகள் ஏற்றுக்கொள்ள இரண்டு உயர்படிகளை அரசு வைத்திருந்தது. அரசின் முத்திரை தாங்கிய அந்தப் படிகள், மூன்றாம் தரப்புச் சோதனையோடு வரும் தனியார் சான்றிதழ்களைக் குழப்பி நீர்த்துப்போகச் செய்யும் என்றார்கள். வாதத்தில் நியாயம் இருந்தது. கூடவே தொழிலும் இருந்தது. பொதுக் கருத்துக்கேட்பில் வரும் குரல்களில் கொள்கை எங்கே முடிகிறது, தொழில் எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பது எப்போதும் எளிதல்ல.

துறைகளுக்குள் நடப்பது வெளியே அதிகம் தெரிவதில்லை. கூரையில் சூரியத்தகடு பதிப்பதை எடுத்துக்கொள்வோம். எரிசக்தி அதிகாரிக்குக் கூரை முழுதும் தகடு வேண்டும். தீயணைப்பு அதிகாரிக்கு, வீடு பற்றி எரியும்போது தன் ஆட்கள் கூரையில் ஏறி நடக்கவும், புகை வெளியேறத் துளையிடவும் வெற்றிடம் வேண்டும். அதனால் தகடுகளுக்கிடையே நடைவழி விடும் விதி வந்தது. இப்படிப்பட்ட மோதல்கள் வரைவு நிலையில் தீராவிட்டால் கட்டுமான இடத்தில் வெடிக்கும். அங்கே அவற்றின் விலையைக் கொடுப்பவர் வீட்டுக்காரர்.

சூரியத்தகடு இன்னொரு பாடமும் சொல்கிறது. புதிய வீடுகளில் அதைக் கட்டாயமாக்க எரிசக்தி ஆணையம் 2018 மே 9 அன்று ஒருமனதாக வாக்களித்தது. டிசம்பரில் கட்டடத் தர ஆணையம் உறுதிசெய்ய, 2020 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு விதியால் வரும் மிச்சம், கட்டடத்தின் ஆயுட்காலத்தில் அதன் செலவை ஈடுகட்ட வேண்டும் என்பது அந்த ஆணையத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம். புதிய விதிகளால் வீட்டின் விலை சுமார் 9,500 டாலர் கூடும், முப்பது ஆண்டுகளில் 19,000 டாலர் மிச்சமாகும் என்று கணக்குக் காட்டினார்கள். பெர்க்லி பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் செவரின் போரன்ஸ்டைன் இதை எதிர்த்து எழுதினார். சூரிய மின்சாரத்துக்கு அவர் எதிரி அல்லர். பெரிய நிலையங்களில் அதே மின்சாரம் மலிவாகக் கிடைக்கும்போது வீட்டுக் கூரையில் அதிக விலைக்கு ஏன் என்பது அவர் கேள்வி. வீட்டுக்காரர் மிச்சம் பிடிப்பது மின்கட்டண அமைப்பின் கோணலால், சமூகம் அதில் எதையும் மிச்சம் பிடிக்கவில்லை என்றார். விதி நிறைவேறியது. ஆனால் கேள்வி ஆவணத்தில் நின்றது; பிற்பாடு கூரைச் சூரியத்துக்கான கட்டணங்களை அந்த மாநிலம் மாற்றியபோது ஏறக்குறைய அதே வாதங்கள் மீண்டும் எழுந்தன. தோற்ற ஆட்சேபமும் பதிவில் இருப்பதால் கிடைக்கும் பயன் இது.

அண்மைய உதாரணம் இன்னும் சுவையானது. சிமென்ட், இரும்பு, கண்ணாடி தயாரிக்கும்போதே வெளியாகும் கரியமில வாயுவுக்கு 2023 ஆகஸ்டில் கலிபோர்னியா வரம்பு வகுத்தது. முன்முயற்சி அரசுடையதல்ல, ஆர்க்கிடெக்டுகளின் சங்கம் தூண்டியது. லட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட வணிகக் கட்டடங்களுக்கும் ஐம்பதாயிரம் சதுர அடிக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கும் 2024 ஜூலை முதல் அது பொருந்தியது. பழைய கட்டடத்தில் 45 விழுக்காட்டைத் தக்கவைக்கலாம், ஆயுட்கால மதிப்பீட்டில் 10 விழுக்காடு குறைவு காட்டலாம், அல்லது குறிப்பிட்ட பொருள்களுக்கு உமிழ்வு வரம்பைக் கடைப்பிடிக்கலாம். ஒரே வழியை வற்புறுத்தியிருந்தால் ஏதாவது ஒரு தரப்பு நீதிமன்றம் போயிருக்கும். மூன்று வாசல்களை வைத்தது பேச்சுவார்த்தையின் கைவண்ணம்.

இந்த ஏற்பாட்டை ஆகாயத்தில் தூக்கி வைக்கத் தேவையில்லை. பகல் நேரத்தில் மாநிலத் தலைநகரில் நடக்கும் கூட்டத்துக்கு யார் வர முடியும்? சம்பளம் வாங்கிக்கொண்டு வருபவர்கள்தாம். வாடகைக்குக் குடியிருப்பவர் வருவதில்லை. கட்டப்படாத வீட்டின் வருங்கால உரிமையாளர் வரவே முடியாது. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் அரசியல் ஒரே இரவில் கதவைச் சாத்தலாம். 2025 ஜூனில், வீட்டு விலை உயர்வையும் அந்த ஆண்டு ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸை எரித்த தீயையும் முன்னிட்டு, குடியிருப்புக் கட்டட விதிகளில் புதிய மாற்றம் கொண்டுவருவதை 2031 வரை பெரும்பாலும் நிறுத்திவைக்கும் சட்டம் கையெழுத்தானது. அதுவும் பட்ஜெட்டோடு ஒட்டிய மசோதாவில்.

பங்கேற்பு அதிகமானால் அதிகாரத்தில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு அமெரிக்காவிலேயே இன்னொரு கதை உண்டு. பல மாநிலங்கள் பின்பற்றும் மாதிரி எரிசக்தி விதியைச் சர்வதேச விதிக் குழுமம் என்ற தனியார் அமைப்பு எழுதுகிறது. அப்போது இறுதி வாக்கு உள்ளாட்சி அதிகாரிகளிடம் இருந்தது. வழக்கமாக வாக்களிப்போர் சொற்பமாகவே இருந்தனர். 2019-ல் நகராட்சி அதிகாரிகள் பெருந்திரளாக இணையத்தில் வாக்களித்து, 2021-க்கான பதிப்பில் கடுமையான சிக்கன விதிகளை நிறைவேற்றிவிட்டார்கள். வீடு கட்டுவோர் சங்கமும் எரிவாயுத் தொழிலும் மேல்முறையீடு செய்ய, மின்வாகன வசதி உள்ளிட்ட சில முன்மொழிவுகளை அமைப்பு ரத்துசெய்தது. 2021 மார்ச்சில் நடைமுறையையே மாற்றி, அந்த இறுதி வாக்கை எடுத்துவிட்டுக் குழுக்களிடம் பொறுப்பைக் கொடுத்தது. முறை திறந்திருந்தது, யாரும் வராதவரை.

இங்கிலாந்துக்கு இரண்டு வரி போதும். 2016 முதல் புதுவீடுகள் எல்லாம் கரியமிலம் இல்லாதவையாக இருக்கும் என்று 2006-ல் அறிவித்து, எட்டு ஆண்டுகளுக்கு மேல் தொழில்துறையோடு பேசித் தயார் செய்துவிட்டு, 2015 ஜூலையில் அரசு அதைக் கைவிட்டது. ஆனால் 2019-ல் தொடங்கிய அடுத்த கலந்தாய்வில், உள்ளாட்சிகள் கடுமையான தரம் வைக்கும் உரிமையைப் பறிக்கும் யோசனைக்கு எதிர்ப்புக் கிளம்ப, 2021 ஜனவரியில் வெளியிட்ட எழுத்துப் பதிலில் அந்த யோசனையை அரசு விட்டுக்கொடுத்தது. சிங்கப்பூரின் வழி வேறு. 2005-ல் ‘கிரீன் மார்க்’ என்ற தரவரிசையை அரசே தொடங்கியது. 2008-ல் 2,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களுக்குக் குறைந்தபட்சத் தரத்தைக் கட்டாயமாக்கியது. மேலிருந்து வரும் வேகம் அங்கே உண்டு. சிறிய நிலப்பரப்பும் ஒரே நிர்வாகமும் கொண்ட ஊருக்கு அது முடியும்.

இந்தியாவுக்கு வருவோம். எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001. அதன்கீழ் 2002-ல் எரிசக்தித் திறன் பணியகம். 2007 மே மாதம் எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு வந்தது. 2017-ல் திருத்தப்பட்டு, அடிப்படை நிலைக்கு மேல் இரண்டு உயர்நிலைகளும் சேர்ந்தன. 2018 டிசம்பரில் குடியிருப்புகளுக்கான ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’. மத்திய அரசு விதியை எழுதும். அதை உள்ளூர்த் தட்பவெப்பத்துக்கு ஏற்பத் திருத்தி அறிவிக்கும் அதிகாரத்தைச் சட்டத்தின் 15-வது பிரிவு மாநிலத்துக்குத் தருகிறது. பிறகு நகராட்சியின் கட்டட விதிகளில் ஏற வேண்டும். ஆக மூன்று படிகள். ஒவ்வொன்றிலும் விதி பல ஆண்டுகள் தங்கி இளைப்பாறுகிறது. அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரம் 2014 ஜனவரியில் தன் விதியை அறிவித்ததைக் குறிப்பிட வேண்டும். ஹைதராபாத்தின் இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரி துணைநிற்க, கட்டுநர்களையும் துறைகளையும் உட்கார வைத்துப் பேசிய பிறகே அது வந்தது.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு மற்றொரு தடம். 1970-ல் முதற்பதிப்பு, 2016 பதிப்பின் 11-வது பகுதி நிலைத்த வளர்ச்சி பற்றியது. வரைவை விரிவாகச் சுற்றுக்கு விட்டுக் கருத்துக் கேட்கும் மரபு அதற்கு உண்டு. ஆனால் அது பரிந்துரை மட்டுமே. மூன்றாவது தடம் சுற்றுச்சூழல் அமைச்சகத்துடையது. 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு முன்அனுமதி கேட்கிறது. ஆனால் கட்டுமானத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்றும் அதுவே விலக்கு அளிக்கிறது! பக்கத்துத் தெருவின் கிணற்றை வற்றவைக்கப்போகும் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பற்றி அந்தத் தெருக்காரருக்கு ஒரு வார்த்தை பேச இடமில்லை. சுற்றுச்சூழல் நிபந்தனைகளை உள்ளாட்சியே கட்டட அனுமதியோடு சேர்த்துத் தரலாம் என்று 2016 டிசம்பரில் அமைச்சகம் மாற்றியபோது, ஓராண்டுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதன் முக்கியப் பகுதிகளை ரத்துசெய்தது.

சட்டத்தின் அடித்தளத்திலேயே குறை இருக்கிறது. 1897-ன் பொது வாசகங்கள் சட்டம், முன்வெளியீடு தேவைப்படும் விதிகளுக்கு வரும் ஆட்சேபங்களை அரசு ‘பரிசீலிக்க’ வேண்டும் என்கிறது. பரிசீலித்ததன் விளைவைச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. 2014-ல் மத்திய அரசு வகுத்த சட்டத்துக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை, குறைந்தது முப்பது நாள் அவகாசத்தையும், வந்த கருத்துகளின் சுருக்கத்தோடு அமைச்சகத்தின் பதிலையும் எதிர்பார்க்கிறது. அது சட்டமல்ல; மீறினால் கேட்க ஆளில்லை. மொழி அடுத்த சுவர். தாக்க மதிப்பீட்டின் 2020 வரைவை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்க்குமாறு டெல்லி உயர்நீதிமன்றம் அந்த ஜூன் 30-ல் உத்தரவிட்டபோது, மத்திய அரசு அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனது. கடலூரிலோ தூத்துக்குடியிலோ இருப்பவர் அந்த வரைவை எந்த மொழியில் படித்துக் கருத்துச் சொல்வார் என்ற கேள்வி வழக்கின் நடுவில் தொலைந்துபோனது. தயாரிப்பாளர்களுக்கு இந்தச் சிரமம் இல்லை. வரைவின் ஒவ்வோர் எண்ணும் கண்ணாடிக்காரருக்கும் ஏசிக்காரருக்கும் வியாபாரம். எந்த மொழியில் இருந்தாலும் படிப்பார்கள்.

கேட்டுக்கொண்டிருந்தால் எதுவும் நடக்காது, ஆணையிட்டால்தான் நடக்கும் என்பவர்கள் தமிழ்நாட்டின் மழைநீர் சேகரிப்பைக் காட்டுவார்கள். 2003-ல் அவசரச் சட்டம் போட்டு, எல்லாக் கட்டடங்களுக்கும் சில மாதக் கெடு வைத்தது ஜெயலலிதா அரசு. இணங்காவிட்டால் குடிநீர் இணைப்புப் போகும் என்ற மிரட்டலும் இருந்தது. வேலை நடந்தது, நாடு முழுவதும் பேசப்பட்டது. அப்போதிருந்த வறட்சியில் கலந்தாய்வுக்கு அவகாசம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் களிமண் நிலத்தில் எந்த அளவுக் குழி, மணல் நிலத்தில் எது, ஆண்டுதோறும் தூர்வாரும் பொறுப்பு வீட்டுக்காரருடையதா, குடியிருப்போர் சங்கத்துடையதா என்பதையெல்லாம் முன்கூட்டிப் பேசியிருந்தால், ஆய்வாளர் கண்ணுக்குக் காட்ட மட்டும் போட்ட குழாய்களும், தூர்ந்துபோய்க் கேட்பாரற்றுக் கிடக்கும் குழிகளும் குறைந்திருக்கும்.

2022-ல் திருத்தப்பட்ட எரிசக்திச் சேமிப்புச் சட்டம் குடியிருப்புகளையும் வளையத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. எக்கோ நிவாஸ் சம்ஹிதாவின் 2018 பதிப்பில் இரண்டு எண்கள் தமிழ்நாட்டுக்கு முக்கியமானவை. சுவர், ஜன்னல் வழியே உள்ளே புகும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக்கூடாது என்பது ஒன்று. நம் கடலோரம் போன்ற வெப்ப ஈரப்பதப் பகுதிகளில், திறக்கக்கூடிய ஜன்னல், கதவுப் பரப்பு வீட்டின் தரைப்பரப்பில் குறைந்தது 16.66 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது எண் கணினி மாதிரியில் சரியாகவே வரும். சென்னையில் மாலை ஆறு மணிக்குக் கொசுவுக்குப் பயந்து எத்தனை ஜன்னல்கள் மூடப்படுகின்றன, வலையடித்த ஜன்னலில் காற்று எவ்வளவு குறைகிறது, தரைத்தளத்தில் திருட்டுப் பயத்தால் எது திறக்கப்படுவதே இல்லை என்பதெல்லாம் குடியிருப்பவருக்குத்தான் தெரியும். 15-வது பிரிவின்படி அந்த எண்ணை மாற்றவோ, வலையைக் கணக்கில் சேர்க்கவோ மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. அப்படிச் செய்யும் நாளில் வரைவு தமிழில் வருமா, ஜன்னலைப் பற்றி ஒருவர் எழுதும் கடிதத்துக்கு ஏற்றோம் என்றோ, இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்றோ பதில் வருமா என்பதற்கு இன்றுள்ள எந்த விதியும் உத்தரவாதம் தரவில்லை.